உடம்பில் எதுவும் இருக்கக் கூடாது

கூடைப்பந்தில் பந்தைப் போடுகிறவனுக்குக் கைதட்டல். போட வந்தவனை நிறுத்தி "நகத்தைக் காட்டு" என்கிறவனுக்கு வசவு. நான் இரண்டாவது ரகம். ரங்கூனில் பசுந்தாங் கால்வாய் ஓரம் ஒரு பழைய அரிசிக் கிடங்கில் பலகைத் தரை போட்டு, டிக்கெட் வைத்து, சம்பளத்துக்கு ஆள் பிடித்து நான்கு அணிகள் ஆடிய காலம். உடை பரிசோதகன் நான். பனியனில் எண் இருக்கிறதா, காலணியின் அடி ரப்பர்தானா, பந்தின் வார்முடிச்சு உள்ளே மடங்கியிருக்கிறதா, எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டக்காரன் உடம்பில் கெட்டியாக எதுவும் இல்லையா என்று பார்க்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு மோதிரத்தைக் கவனிக்காமல் விட்டார். ஒருவனுக்குக் கண் போயிற்று, அவருக்கு வேலை போயிற்று. துறைமுகத்தில் பெட்டி குடைகிறவர்களே, ரயிலில் டிக்கெட் கேட்கிறவர்களே, நம் பிழைப்பு உங்களுக்குத் தெரியாததா?

மடியில் இருந்த டப்பா

கழற்றிய சாமான்களைத் தகர டப்பாவில் போட்டு, ஆட்டம் முடியும்வரை மடியில் வைத்துக்கொண்டிருப்பேன். ஆறுமுகம் என்று ஒருவன், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். கழுத்தில் செப்புத் தாயத்து. கப்பல் ஏறும்போது கட்டியது, குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை என்று மல்லுக்கு நின்றான். விதி விதிதான் என்று வாங்கி டப்பாவில் போட்டேன்.

அன்று அவன் தரையில் விழுந்த ஒவ்வொரு தடவையும் டப்பா சுட்டது. தகரம், வெயில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் உட்கார்ந்திருந்தது நிழலில். கால்சட்டையைத் தாண்டித் தொடையில் வட்டமாகச் சிவந்துவிட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆட்டம் முடிந்து தாயத்தை வாங்கிக் கட்டிக்கொண்டே ஆறுமுகம் கேட்டான்: "ரொம்பச் சுட்டுடுச்சாண்ணே?"

சலவைக்கு வந்த பனியன்கள்

சிவப்பு அணியில் எல்லாரையும்விட உயரமாக எம்புகிறவன் கோ மியா. பர்மாக்காரன். கால்வாயில் சம்பான் படகு ஓட்டி, தமிழ்க் கூலிகளை அக்கரை சேர்த்தே தமிழ் படித்தவன். அணியில் சம்பளம் கிடைத்ததும் சம்பானைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டான். ஒரு நாள் சலவையிலிருந்து வந்த பனியனை மோந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டான். பெண்கள் இடுப்பில் கட்டும் தமேனுக்குக் கீழே ஆண்பிள்ளையின் சட்டை காய்ந்தால், அவன் தோளில் இருக்கிற மகிமை போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. காலையில் சலவைக்கார முனுசாமியின் வாசலில், மேல்கொடியில் ஒரு பச்சைத் தமேன் ஆட, கீழ்க்கொடியில் எங்கள் பனியன்கள் காய்ந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். பர்மாவிலேயே பிறந்தும் எனக்கு உறைக்கவில்லை.

வேறு பனியன் இல்லை. எண் இல்லாமல் இறங்கக் கூடாது. அதட்டி அதையே போட வைத்தேன். அன்று சிவப்பு அணி எறிந்த பந்தெல்லாம் வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது. கூட்டம் முதலில் சிரித்தது, அப்புறம் சிரிக்கவில்லை. ஒரு புள்ளிகூட இல்லை. மறுநாள் முனுசாமியைப் பிடித்து ஏசினேன். அவன் துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான்: "மேல்கொடியா? எங்கிட்ட இருக்கிறது ஒரே கொடிதானே, சாமி."

ஐந்து முடிச்சுகள்

கோ மியாவின் கை பட்டால் இரும்பு பட்டது போல் வலிக்கிறது என்று எதிரணிக்காரன் ஒருவன் மானேஜர் துரையிடம் புகார் சொன்னான். கையைத் தடவிப் பார்த்தேன். வலது முன்கையில், தோலுக்கு அடியில், கடலைப் பருப்பு அளவில் ஐந்து முடிச்சுகள். பன்னிரண்டு வயதில் ஒரு மந்திரக்காரர் தோலைக் கீறி உள்ளே வைத்துத் தைத்த வெள்ளி மணிகளாம். தண்ணீரும் கத்தியும் ஒன்றும் செய்யாதிருக்க அந்த ஊரில் செய்கிற ஏற்பாடு. கட்டைவிரலால் ஒன்றை அழுத்தினேன். அது நகர்ந்தது. அடுத்ததை அழுத்தினேன். ஐந்தும், ஒன்றன்பின் ஒன்றாக, என் விரலுக்கு வழி விட்டு ஒதுங்கின.

வெறும் கொழுப்புக் கட்டி என்று எழுதியிருக்கலாம். என்னைத் தவிர யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. ஆனால் மோதிரத்தைத் தவறவிட்டவரின் ஞாபகம் வந்தது. உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். எடுத்துவிட்டு வரட்டும், இல்லாவிட்டால் ஆள் வேண்டாம் என்றார் துரை. நான் போய்ச் சொன்னபோது, வாத்தியார் என்கிற மரியாதையில் என்னைச் சயா என்றே கூப்பிடும் கோ மியா, முன்கையை மற்றக் கையால் மூடிக்கொண்டான்: "சயா, சம்பானக் குடுத்துட்டேன். இதையும் குடுத்துட்டா எங்கிட்ட என்ன இருக்கு?"

கம்பவுண்டர் எழுதிய சீட்டு

வேறு வழியில்லாமல் சம்மதித்தான். பபேடான் பேட்டையில் எனக்குத் தெரிந்த கம்பவுண்டர் தேவசகாயம் அண்ணனிடம் நானே கூட்டிப்போனேன். கோ மியா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அரை மணியில் கட்டுப் போட்ட கையோடு அவனை அனுப்பிவிட்டு, "ஐந்தும் எடுக்கப்பட்டன" என்று எழுதிய சீட்டை அண்ணன் என்னிடம் நீட்டினார்.

எடுத்ததைக் கொடுங்கள், டப்பாவில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் கைகழுவிக்கொண்டே இருந்தார். ரத்தமெல்லாம் போன பிறகும் கழுவினார். "அஞ்சு இடத்துல கீறினேன், தம்பி. உள்ள ஒண்ணுமே இல்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் கத்தி எதுலயோ டக்குனு பட்டுது."

புண் ஆறிய பிறகு

சீட்டை அப்படியே துரையிடம் கொடுத்தேன். கோ மியாவிடம் வாயைத் திறக்கவில்லை. கட்டு அவிழ்த்ததும் பரிசோதித்தேன், தழும்பைத் தவிரக் கை வழவழவென்றிருந்தது. விதிப்படி பார்த்தால் நான்கு அணியிலும் அவனைப் போலச் சுத்தமான ஆள் இல்லை. ஆனால் அவன் எம்பவில்லை. பந்து வந்தால் முகத்தை மூடிக்கொண்டான். மூன்றாவது ஆட்டத்தோடு பெயரை அடித்துவிட்டார்கள். தம்பியின் சம்பானுக்கே திரும்பலாம் என்று போனவன், தண்ணீரைப் பார்த்ததும் ஏற முடியாமல் கரையிலேயே உட்கார்ந்துவிட்டானாம். கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அவனுடைய இரண்டு வேலைகளையும் பிடுங்கிவிட்டேன்.

பனியனைத் திருப்பிக் கொடுக்க ஒரு மத்தியானம் என் அறைக்கு வந்தான். அந்த மணிகளையாவது கொடுங்கள், மறுபடி வைத்துத் தைத்துக்கொள்கிறேன் என்றான். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. உள்ளே எதுவும் இல்லையாம் என்று கம்பவுண்டர் சொன்னதைச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். அவனோ என் வலது கையைப் பிடித்து, சட்டைக் கையை மேலே தள்ளி, நான் ஆட்டக்காரர்களைத் தடவுவது போலவே கட்டைவிரலால் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மெதுவாகத் தடவினான். ஐந்து இடத்தில் விரல் நின்றது. பல நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். "எல்லாம் இங்க வந்துருச்சு, சயா. அஞ்சும் இருக்கு. யாராவது எடுக்கச் சொன்னா எடுத்துடாதீங்க."

ஊரார் உடம்பையெல்லாம் தடவிப் பார்த்தே பிழைத்த நான், என் வலது முன்கையை மட்டும் இன்றுவரை சோப்புப் போட்டுக்கூடத் தேய்த்ததில்லை.