பதினாலாம் நம்பர் பஸ்ஸும் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும்

மார்லா டைகெமா வேலை கேட்டு வந்த அன்றே சொல்லிவிட்டாள்.

"நான் டாக்டருக்குப் படிக்கப் போறேன். அதுவரைக்கும் பஸ் ஓட்றேன். பரவாயில்லையா?"

எங்கள் பள்ளிக்கூடத்து பஸ் கொட்டகையில் டிரைவர்களோடு பேசும் ரேடியோ மேஜை என்னுடையது. பதினெட்டு பஸ், பதினெட்டு டிரைவர். எது எங்கே போக வேண்டும், எது ஏன் இன்னும் போகவில்லை என்று கத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பெயர் டெல்பர்ட், எல்லாருக்கும் டெல். எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு முப்பத்துநாலு வயது. இரண்டாம் வகுப்பில் ஒரு பெண், நாற்காலி ஃபாக்டரியில் ராத்திரி பதினோரு மணிவரை வேலை பார்க்கும் புருஷன். இதில் டாக்டராம்.

"எந்த வருஷம்னு சொல்லு, காலண்டர்ல குறிச்சு வெச்சுக்கறேன்" என்றேன்.

"சிரிங்க டெல். நம்ம ஊர்ல சளி பிடிச்சாக்கூட நாப்பது மைல் போகணும். யாராவது படிச்சாத்தான ஆகும்?"

அவளுக்குப் பதினாலாம் நம்பர் பஸ்ஸைக் கொடுத்தேன். கொட்டகையிலேயே நன்றாக ஓட்டுகிறவள் அவள்தான் என்பதை மூன்றே மாதத்தில் தெரிந்துகொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

காலையில் எட்டரைக்குள் பிள்ளைகளை இறக்கிவிட்டு, இருபத்தைந்து மைல் தள்ளியிருக்கும் கல்லூரிக்குப் போவாள். பத்து மணி வகுப்பு முடித்து, மத்தியானம் இரண்டுக்குள் திரும்ப பஸ்ஸுக்கு வந்துவிடுவாள். லேப் சனிக்கிழமை. வீட்டில் சமையல் அவள் புருஷன் கர்ட்டின் பொறுப்பு, ஃபாக்டரிக்குப் போகுமுன் செய்துவைத்துவிடுவான். அவனுக்குத் தெரிந்தது ஒரே பண்டம்: மாட்டுக்கறிக் கொத்தின்மேல் உருளைக்கிழங்கு அடுக்கி அடுப்பில் வேகவைப்பது. வாரத்தில் நான்கு நாள் அதுதான். புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்தான். மற்ற நாளெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டுதான் பேச்சு.

மூலக்கூறு வரைந்து புரியவில்லை என்று ஒருநாள் மார்ஷ்மெல்லோ என்கிற மெத்து மிட்டாயையும் பல்குத்தும் குச்சியையும் வைத்து பஸ்ஸிலேயே செய்து பார்த்துக்கொண்டிருந்தாள். செய்த மூலக்கூறு எங்கே என்று மறுநாள் கேட்டேன்.

"பென்சீன ஹேட்டி தின்னுட்டா" என்றாள். ஹேட்டி அவள் பெண்.

ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ஏற்கெனவே ஒருமுறை அவள் காலை வாரிவிட்டிருந்தது. போன வருஷம் கர்ட்டுக்கு முதுகில் ஆபரேஷன். இவள் பாதியில் விட்டாள். இது இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை சேர்க்க மாட்டோம் என்று கல்லூரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். 'பி' கிரேடாவது வாங்க வேண்டும், இல்லாவிட்டால் மெடிக்கல் காலேஜ் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. கடைசிப் பரீட்சை டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு. பேராசிரியர் யாரோஷ் நேரம் தவறாத ஆள். பரீட்சை தொடங்கிக் கால் மணி நேரத்தில் கதவை மூடிவிடுவார், யார் வந்தாலும் திறக்க மாட்டார்.

அந்த வியாழக்கிழமை பனிமழை பெய்து தொலைத்தது.

பனி விழுந்தால் விடிவதற்குள் கிராமத்து ரோடுகளை ஓட்டிப் பார்த்து நிலவரம் சொல்வது என் வேலை. நான் சொல்வதை வைத்துத்தான் பள்ளியை நேரத்துக்குத் திறப்பதா, இரண்டு மணி நேரம் தள்ளிப்போடுவதா என்று முடிவு. ரோடு கண்ணாடியாகக் கிடந்தது. தள்ளிப்போட்டால் மார்லாவின் பஸ் பள்ளிக்கூடம் போய்ச் சேரப் பத்தரை ஆகும். பரீட்சை போச்சு. 'ரோடு நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், மறைப்பானேன். அவள் பஸ்ஸில் மட்டும் நாற்பத்தேழு பிள்ளைகள். உள்ளதைச் சொன்னேன், தள்ளிப்போட்டார்கள்.

மாற்று டிரைவர் இரண்டு பேர் உண்டு. ஒருத்தருக்குக் காய்ச்சல், இன்னொருத்தர் குளிருக்குப் பயந்து ஃப்ளோரிடா போய்விட்டார். ஐந்தே முக்காலுக்கு மார்லாவைக் கூப்பிட்டேன்.

"ரெண்டு மணி நேரம் லேட்டும்மா."

"சரி டெல். எட்டரைக்கு வந்துடறேன்" என்றாள். அழுகையில்லை, ஒரு கெஞ்சல் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டிருந்தால் திட்டிவிட்டுச் செய்திருப்பேன். கேட்காதவளை என்ன செய்வது?

"நீ வரவேணாம். நான் ஓட்றேன். போய்ப் பரீட்சைய எழுது."

"நீங்களா? எட்டு வருஷமாச்சு டெல், நீங்க ஸ்டியரிங்க தொட்டு."

"லைசென்ஸ் இருக்கு. உனக்கென்ன? போன வை."

எட்டு வருஷத்துக்கு முன் நான் பஸ்ஸை விட்டு மேஜைக்கு ஓடியதே பிள்ளைகள் போடும் சத்தம் தாங்காமல்தான். ரேடியோவை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். மார்லா விடாமல் கொட்டகைக்கு வந்து, யார் எந்த வீட்டு வாசலில் நிற்பார்கள் என்று எனக்கே பாடம் நடத்திவிட்டு, ஒன்பது அடித்தபிறகுதான் தன் காரில் கிளம்பினாள்.

ஹேட்டி என் பின்னால் முதல் சீட்டில். "மிஸ்டர் டெல், பெக்கர் வீட்டத் தாண்டிட்டீங்க" என்றாள். ஸ்கூல் பஸ்ஸை ரோட்டில் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. நான்கு மைல் சுற்றி வந்தேன். நாற்பத்தேழும் கைதட்டின. ஆனால் ரயில் தண்டவாளம் வந்ததும் பாருங்கள், ஒரு ஈ காக்கா சத்தமில்லை. தண்டவாளத்துக்கு முன்னால் ஸ்கூல் பஸ் நின்றே ஆக வேண்டும், கதவைத் திறந்து ரயில் சத்தம் கேட்கிறதா என்று கவனித்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும். மார்லா பிள்ளைகளை அப்படிப் பழக்கியிருந்தாள். பன்னிரண்டு நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம்.

இரண்டு மணிக்கு மார்லா கொட்டகைக்குள் வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"என்னாச்சு? கதவ சாத்திட்டாரா?"

"சொல்றேன், சிரிக்கக் கூடாது" என்று ஆரம்பித்தாள்.

கல்லூரி ரோட்டில் மூன்று தண்டவாளம் குறுக்கே வரும். ஓட்டுவது சொந்தக் கார், மண்டையெல்லாம் பரீட்சை. கை தன்பாட்டுக்குப் பஸ் டிரைவர் வேலையைச் செய்திருக்கிறது. முதல் தண்டவாளத்தில் காரை நிறுத்தி, கதவைத் திறந்து, காதைத் தீட்டிக் கேட்டிருக்கிறாள். மடியில் வைத்திருந்த குறிப்புச் சீட்டெல்லாம் காற்றில் பறந்துவிட்டன. இறங்கிப் பொறுக்க நேரமில்லை. இரண்டாவதிலும் அதே. பின்னால் வந்த வண்டிக்காரர் ஹாரனைக் காது கிழிய அடித்திருக்கிறார். மூன்றாவதில் அவர் தலையை வெளியே நீட்டித் திட்டினாராம்.

"கல்லூரி வாசல்ல அந்த வண்டியும் என் பக்கத்துலயே வந்து நின்னுச்சு டெல். இறங்கினது யாருங்கறீங்க? யாரோஷ். கக்கத்துல கேள்வித்தாள் கட்டு."

நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"'மூணு எடத்துலயும் நின்னது நீங்கதானா?'ன்னு கேட்டாரு. ஆமா சார், ஸ்கூல் பஸ் ஓட்றேன்னேன். 'கதவ எதுக்குத் தொறந்தீங்க?' ரயில் வருதான்னு கேக்கணும்ல சார். என்னையே பாத்தாரு. அப்புறம், 'இருபது வருஷத்துல நான் லேட்டா வர்றது இதுதான் முதல் தடவ. வாங்க, கேள்வித்தாள் எங்கிட்டதான் இருக்கு, எவன் கதவ மூடுவான்'னாரு."

"அப்ப எதுக்கு இந்த மூஞ்சி?"

"அஞ்சாவது கேள்வி. அந்தச் சீட்டு தண்டவாளத்துல கெடக்கு. என்னவோ கிறுக்கி வெச்சிருக்கேன்."

அடுத்த ஒரு வாரம் கொட்டகையில் யாரும் அவளிடம் ஆர்கானிக் என்று வாயெடுக்கவில்லை. எனக்கோ மனசு இரண்டாகக் கிடந்தது. அவள் தோற்றால் என் பதினாலாம் நம்பர் பஸ் பத்திரம். இப்படியும் நினைத்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின நாள் மார்லா என் மேஜைமுன் வந்து ஃபோனை நீட்டினாள். கண்ணாடி போடாமல் எனக்கு எதுவும் தெரியவில்லை.

"வாயால சொல்லேன்."

"பி. ஒரு மார்க்குல தப்பிச்சேன்."

"அப்ப பஸ்ஸுக்கு வேற ஆள் பாக்கணும்" என்று முகத்தைச் சுளித்தேன்.

"இன்னும் ஒன்றர வருஷம் இருக்கு டெல், இப்பவே தொரத்தாதீங்க. அடுத்த வருஷம் பிசிக்ஸ் வேற."

அவள் போனபிறகு வாசல் போர்டில் எழுத்துகளைக் கோத்தேன்: 'பஸ் டிரைவர்கள் தேவை.' கொஞ்சம் யோசித்து, கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன்: 'படிப்பவர்களுக்கு முன்னுரிமை.'

ஜனவரியில் ஒருத்தி விண்ணப்பம் வாங்க வந்தாள். கக்கத்தில் உயிரியல் புத்தகம், இடுப்பில் கைக்குழந்தை. தலையில் அடித்துக்கொண்டு, குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டு, பேனாவை அவளிடம் கொடுத்தேன்.