கரிமலைக்குப் போகாத வருஷம்

மாலை போட்டுவிட்டால் எல்லாரும் சாமி. கணவனும் சாமி, மனைவியும் சாமி. கல்யாணமான நாளிலிருந்து என்னை "ஏய்", "இந்தாடி" என்று கூப்பிட்டே பழகிய மனிதர், நான் முதன்முறையாக மாலை போட்ட கார்த்திகை முதல் தேதியன்று அடுப்படி வாசலில் வந்து நின்று, "சாமி, காபி கெடைக்குங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, "ஒக்காருங்க சாமி, தர்றேன்" என்றேன். சபரிமலைக்கு விரதம் இருப்பவர்கள் போய்த் திரும்பும்வரை ஒருவரையொருவர் இப்படித்தான் மரியாதையாகப் பேச வேண்டும். கோபமும் படக்கூடாது. எங்கள் வீட்டில் இந்த இரண்டில் எது கஷ்டம் என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் சொல்வார்கள்.

நாங்கள் இருப்பது வேப்பம்பட்டில். நான் காக்களூரில் பிளாஸ்டிக் மூடி செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் மூடிகளைப் பார்த்துக் கழித்துப்போடும் வேலையில் இருக்கிறேன். அவருக்குப் புதுவாயல் பக்கம் ஒரு இரும்புக் கம்பி ஆலையில் வேலை. ஆலைக்குள் அவர் ஒரு டோக்கன் நம்பர், அவ்வளவுதான். சூப்பர்வைசர் "யோவ்" என்பான், இவர் போய் நிற்பார். ஆனால் கார்த்திகை பிறந்துவிட்டால் அவர் குருசாமி. அதே சூப்பர்வைசர் வந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டு, அவர் கையால் மாலை வாங்கிப் போட்டுக்கொள்வான். உள்ளே சேஃப்டி ஷூ, கேட்டைத் தாண்டினால் வெறுங்கால் என்று ஒரு கூட்டமே அவர் பின்னால் நடக்கும். அந்த இரண்டு மாசத்தில் அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருப்பதை நான் வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன்.

பெண்களுக்கு ஐம்பது தாண்டினால்தான் அந்த மலை. அதுவரை நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு சமைத்துப்போடும் ஆள், அவ்வளவுதான். மலையிலிருந்து திரும்பி வந்து ஆண்கள் வழியில் இருக்கும் கரிமலை ஏற்றத்தைப் பற்றிப் பேசுவார்கள் பாருங்கள், பெண்கள் மாமியார் வீட்டைப் பற்றிப் பேசுவது போலத்தான் இருக்கும். அங்கே பட்ட பாட்டைச் சொல்லிச் சொல்லியே பெருமை. எனக்கு அந்தக் கரிமலையைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. பக்தி எவ்வளவு, ஆசை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

மலைக்கு நடந்துபோக மூன்று வழி. பம்பை வரைக்கும் வண்டியில் போய், அங்கிருந்து நீலிமலை ஏறினால் சின்ன பாதை. புல்மேடு வழியாகக் காட்டில் இறங்குவது இன்னொன்று. எங்கள் ஆட்கள் அதில் போவதில்லை. எருமேலியில் பேட்டை துள்ளி, அழுதை ஆற்றில் முங்கி, ஒரு கல்லை எடுத்துக்கொண்டு, கரிமலை ஏறி இறங்கிப் பம்பைக்கு வந்தால் அது பெரிய பாதை. முதல் வருஷம் போகிறவர் கன்னிச் சாமி. கன்னிச் சாமி பெரிய பாதையில் போவதுதான் முறை என்று எனக்குச் சொன்னவர் வேறு யாருமில்லை, அவரேதான்.

அதனால், புதுவாயலில் சனிக்கிழமை பஜனை முடிந்து வழியைப் பற்றிப் பேச்சு வந்தபோது நான் சாவகாசமாக உட்கார்ந்திருந்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த வருஷம் மாளிகபுரம் வர்றாங்க. அவங்களால கரிமலை முடியாது. அதனால எல்லாரும் சின்ன பாதைல போயிக்கலாம்" என்றார். மாளிகபுரம் என்றால் மாலை போட்ட பெண். அந்த இடத்தில் இருந்த ஒரே பெண் நான்.

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. குருசாமி சொன்னால் சொன்னதுதான். ஆனால் எல்லார் முகமும் என் பக்கம் திரும்பிவிட்டுப் போனது. அந்த வருஷம் என்னோடு இன்னொரு கன்னிச் சாமியும் இருந்தார். கிரேன் ஓட்டுகிறவர், நாற்பதைத் தாண்டியவர். பிள்ளைகள் ஆளாகட்டும் என்று இத்தனை வருஷம் தள்ளிப்போட்டு வந்தவர். அவர் விரித்திருந்த பாயை மடித்துக்கொண்டே, "கரிமலைக்கு லீவு வுட்டாச்சு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"என்னால முடியாதுன்னு நான் எப்ப சொன்னேன் சாமி?"

"சொல்லல சாமி. எனக்குத் தெரியும் சாமி."

"இன்னா தெரியும் சாமி?"

"கோவப்படக் கூடாது சாமி."

மற்ற நாளாக இருந்தால் கையில் இருந்த கரண்டி பறந்திருக்கும்.

மறுநாளிலிருந்து நடக்கத் தொடங்கினேன். வேலை முடிந்து ரயிலில் வரும்போது செவ்வாப்பேட்டையிலேயே இறங்கி, அங்கிருந்து வீடு வரைக்கும் வெறுங்காலில் நடந்தேன். எங்கள் ஊரில் மலைக்கு எங்கே போவது? ரயில்வே நடைமேம்பாலம்தான் மலை. தலையில் டிபன் பையை வைத்துக்கொண்டு ஏறுவேன், இறங்குவேன், மறுபடி ஏறுவேன். காலேஜ் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். என் கால் நன்றாகத்தான் இருந்தது. நின்றுகொண்டே வேலை பார்த்த கால் அது.

ஒருநாள் சாயங்காலம் நான் பாலத்தின் மேலே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, கீழே கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய அவர் படிக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி, ஒரு படியில் வலது காலை வைத்து, இடது காலை இழுத்து அதன் பக்கத்தில் வைத்து, நின்றார். பிறகு அடுத்த படி. நடைபழகும் குழந்தை அப்படித்தான் ஏறும். பாதிப் படியில் யாரோ தெரிந்தவர் எதிரே வர, கைப்பிடியை விட்டுவிட்டு, செல்போனைப் பார்ப்பது போல நின்றுகொண்டார். அந்த ஆள் போன பிறகுதான் மறுபடி கைப்பிடியைப் பிடித்தார்.

நான் மறுபக்கமாக இறங்கி, அவருக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டேன்.

ராத்திரி சாப்பாட்டின்போது, "முட்டி எவ்ளோ நாளா இப்டி கீது சாமி?" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "போன வருஷம் கரிமலை எறங்கச்சே புடிச்சிக்கிச்சு" என்றார் கடைசியில். "டாக்டரு ஏறவே கூடாதுன்ட்டாரு."

"அத சொல்லிட வேண்டியதுதானே? ஏன் என் தலைமேல போட்டீங்க?"

"கால் போன குருசாமிகிட்ட எவன் வந்து மாலை போட்டுப்பான்?" என்றவர், விரதம் ஞாபகம் வந்து, "எந்தச் சாமி போட்டுப்பாங்க?" என்று திருத்திக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சாமி."

எனக்குப் பாவமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. கோபம்தான் கூட. கன்னி ஒரு தடவைதான். அடுத்த வருஷம் நான் பெரிய பாதையில் போனாலும் அது கன்னிச் சாமியின் பாதை ஆகாது. ஆனாலும், "யோவ்" என்று கூப்பிடும் அந்த ஆலையில் இந்த மனிதருக்கு இருப்பதே அந்த இரண்டு மாசம்தான். சரி, சொல்லவில்லை என்று தலையாட்டினேன்.

இருமுடி கட்டினோம். வேனில் ஏறினோம். வழி நெடுக ஆண்கள் என்னிடம் பிரியமாகவே இருந்தார்கள், "மாளிகபுரத்துக்குக் கால் வலிக்குதா?" என்று நின்ற இடத்திலெல்லாம் கேட்டார்கள். அதுதான் எரிச்சலாக இருந்தது. எருமேலியில் முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டு பேட்டை துள்ளி ஆடினோம். முடித்ததும் மற்ற ஊர்க்காரர்கள் இருமுடியைத் தலையில் வைத்துக்கொண்டு பெரிய பாதையில் நடக்கத் தொடங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் என்னைவிட வயசான ஒரு மாளிகபுரம் கோலை ஊன்றிக்கொண்டு போனார். எங்கள் வேன் வேறு பக்கம் திரும்பியது. கிரேன் ஓட்டுகிறவர் ஜன்னல் வழியாக அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பார்க்கவில்லை.

பம்பையில் குளித்து, கணபதியைக் கும்பிட்டுவிட்டு மேலே வந்தால், அங்கேயும் வழி இரண்டாகப் பிரிகிறது. நேரே செங்குத்தாக நீலிமலை. பக்கத்தில், சாமான் ஏற்றிக்கொண்டு டிராக்டர் போகும் சரிவான ரோடு. இரண்டும் மேலே மரக்கூட்டம் என்ற இடத்தில் போய்ச் சேரும். எங்கள் ஆட்கள் எல்லாரும் நின்று குருசாமியைப் பார்த்தார்கள்.

அவர் நீலிமலையை நிமிர்ந்து பார்த்தார். "மாளிகபுரம் வர்றதால..." என்று தொடங்கினார்.

நான் திரும்பி அவர் முகத்தை மட்டும் பார்த்தேன். இன்னொரு தடவை சொல்லிவிட்டால் விரதமாவது மண்ணாவது, எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

அவர் நிறுத்தினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாளிகபுரத்தால இல்ல சாமி" என்றார். "எனக்குத்தான் முடியாது. முட்டி போயிடுச்சு. பெரிய பாதைய வுட்டதும் என்னாலதான். அவங்க நல்லா நடப்பாங்க."

எங்களைச் சுற்றிக்கொண்டு மற்ற கூட்டங்கள் சரணம் போட்டபடி ஏறிக்கொண்டிருந்தன. பிறகு கிரேன் ஓட்டுகிறவர் முன்னால் வந்து குனிந்து அவர் காலைத் தொட்டார்.

"இன்னா குருசாமி நீங்க. இத ஊர்லயே சொல்லியிருந்தா ஒங்கள நேரா பம்பைல எறக்கி வுட்டுட்டு, நாங்க மாளிகபுரத்த கூட்டிக்கினு கரிமலை ஏறி வந்திருப்போமே. நீங்க எங்களுக்காக இங்க ஒக்காந்திருந்தா போதாதா?"

அவ்வளவு சுலபமான வழி. அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவர் மறைப்பதிலும் நான் அவருக்காக மறைப்பதிலுமே ஒரு மண்டலம் போய்விட்டது. இருமுடியைப் பிடித்துக்கொண்டு நீலிமலையில் ஏறத் தொடங்கினேன்.

ஏற்றம் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. ஆண்கள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார்கள். நான் நின்று காத்திருந்து, அவர்களோடு சேர்ந்து நடந்தேன். கிரேன் ஓட்டுகிறவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "மாளிகபுரம், ஒங்களப் பத்தி தப்பா நெனச்சிட்டேன்" என்றார். "பரவால்ல சாமி" என்றேன்.

மரக்கூட்டத்தில் எல்லாரும் குருசாமிக்காகக் காத்திருந்தோம். வெகுநேரம் கழித்துத்தான் ரோட்டுப் பக்கமிருந்து வந்தார், யாரோ கொடுத்த கோலை ஊன்றிக்கொண்டு. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. மற்றவர்கள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"கோவமா சாமி?" என்றார்.

"ஆமா சாமி" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கூட்டத்துக்கு எப்போதும் முன்னால் போகிறவர், அன்றைக்கு வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.