சுண்ணாம்பு போடாத சிவப்பு

தேனி கடைவீதியில் இருக்கும் எங்கள் துணிக்கடைக் கல்லாவுக்குக் கீழே ஓர் ஊதா விளக்கு இருக்கிறது. கள்ள நோட்டைக் கண்டுபிடிப்பதற்காக வாங்கியது. இப்போது நோட்டையே காண்பது அரிது. துண்டு வாங்க வருகிறவர்கூட போனை நீட்டிப் பணத்தை அனுப்பிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். கடையைப் புதுப்பித்தபோது பழைய சாமான் எல்லாம் போயிற்று, இந்த விளக்கு மட்டும் போகவில்லை. அதற்குக் காரணம் என் மதினி.

மதினி கம்பத்துப் பெண். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வரும்போதே தாவரவியலில் முதுகலை முடித்திருந்தார். கல்யாணமான கொஞ்ச நாளில் மதுரையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்தது. அண்ணனுக்குச் சம்மதம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அண்ணன் சம்மதத்துக்கும் என் சம்மதத்துக்கும் சேர்த்தே கால்காசு மதிப்பு கிடையாது. அப்பா தலையாட்ட வேண்டும். அப்பாவுக்கு இந்தக் கடையோடு சின்னமனூர்ப் பக்கம் ஒரு வெற்றிலைக் கொடிக்காலும் உண்டு. "இன்னும் என்ன படிப்பு தாயி? எலையப் பாத்து என்னத்தக் கண்டுபிடிக்கப் போற? நான் பொறந்ததுலருந்து எலையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று முடித்துவிட்டார். கல்லூரிக்கு மறுநாள் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானத்தோடு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அப்பா கல்லாவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டுத் தூக்குடன் வந்த மதினி அழவில்லை, கெஞ்சவுமில்லை. அப்பாவின் வெற்றிலை உரலை எடுத்து நாலைந்து வெற்றிலையைக் கிள்ளிப் போட்டு இடித்தார். பக்கத்து மருந்துக்கடையில் என்னை ஸ்பிரிட் வாங்கிவரச் சொல்லி அதில் கரைத்து, துணியில் வடிகட்டி, கண்ணாடித் தம்ளரில் ஊற்றினார். கரும்பச்சைத் தண்ணீர். ஷட்டரை முழுசாக இறக்கி, கடை விளக்கை அணைத்துவிட்டு, நோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கைத் தம்ளர் ஓரமாகப் பிடித்தார். பச்சை இருந்த இடத்தில் இரத்தச் சிவப்பு. எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது.

அப்பா அசரவில்லை. கடகடவென்று சிரித்தார். "யாருகிட்ட தாயி? என் ஒரல்ல சுண்ணாம்பு ஒட்டிக் கெடக்கு. சுண்ணாம்பும் பாக்கும் பட்டா வெத்தல செவக்காம என்ன செய்யும்?" ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எனக்கும் அது சரி என்றே பட்டது. மதினிக்கு முகம் சுருங்கியது ஒரு கணம்தான். "அப்ப நீங்களே அரைங்க மாமா. வீட்டு அம்மியில அரைங்க. நான் கிட்டக்கூட வரமாட்டேன்" என்றார்.

ஊதா விளக்கையும் மிச்ச ஸ்பிரிட்டையும் எடுத்துக்கொண்டு மூவரும் அல்லிநகரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனோம். அப்பா அம்மியைத் தானே மூன்று தடவை கழுவினார். கையையும் கழுவினார். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைக்கூடக் கொப்பளித்தார், அது எதற்கென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தானே அரைத்து, தானே வடிகட்டி, தானே விளக்கைப் பிடித்தார். சிவப்பு. அணைத்தார், பச்சை. மறுபடி போட்டார், சிவப்பு. வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அப்ப கொடியில இருக்கையில ஏந் தாயி இது செவக்கல?"

அந்தக் கேள்விக்காகத்தான் மதினி காத்திருந்திருக்கிறார். "வீட்டுக்குத் தளம் போடுறப்ப ஆளுக வரிசையா நின்னு கலவைச் சட்டிய கைமாத்தி விடுவாகள்ல மாமா, அதேதான். எலைக்குள்ள பச்சையம் அப்படி வரிசையா இருக்கு. ஒண்ணு வெயில வாங்கும், பக்கத்துல இருக்கறதுக்குக் கொடுக்கும், அது அடுத்ததுக்குக் கொடுக்கும். ஆனா எதுவும் எடத்த விட்டு நகராது, வெயிலோட தெம்பு மட்டும் கைமாறிப் போகும். கடைசியில வேலை நடக்கிற எடத்துல போய்ச் சேரும். அங்கதான் கொடிக்குச் சாப்பாடு தயாராகுது. நீங்க அரைச்சுக் கரைச்சதுல வரிசை கலைஞ்சு போச்சு. வாங்குன தெம்பக் கைமாத்த ஆளு இல்ல. அதான் செவப்பு வெளிச்சமா வெளிய எறியுது. கொடியிலயும் துளி செவப்பு வரத்தான் செய்யும், நம்ம கண்ணுக்குத் தெரியாது."

அப்பா விடவில்லை. "சட்டி நெறய வந்துட்டா?" என்றார். "மிச்சத்தச் சூடாக்கி வெளிய விட்டுரும். அதுக்கும் மேல வெயில் அடிச்சா எலையே கெட்டுப் போகும். அகத்தி நெழலு இல்லாத எடத்துல நம்ம கொடி வெளுத்துப் போகுதுன்னு வருசா வருசம் சொல்வீகளே மாமா, நான் ஆராயப் போறதே அதைத்தான்." அப்பா தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "மதுரைக்குக் காலையில எந்த பஸ்ல போவ?" என்றார். அவ்வளவுதான், அதுதான் சம்மதம்.

மதினி அந்த ஆராய்ச்சியை முடித்தார். கைக்குழந்தையோடும் பஸ் பயணத்தோடும் முடித்தார். நடுவில் ஒரு நாள்கூட அவர் வாயிலிருந்து 'முடியவில்லை' என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. கடைசி வாய்மொழித் தேர்வுக்கு நாங்கள் எல்லோரும் வேன் பிடித்துப் போனோம். மேடையில் எங்கள் கொடிக்கால் வெற்றிலையைக் கரைத்த தண்ணீர். மதினி ஊதா விளக்கைப் பிடித்ததும் கூடம் முழுக்க ஓர் 'ஆ' எழுந்தது. தேர்வு நடத்த வந்த பெரியவர் வழக்கமான தொனியில், "இதில் வேறு ஏதாவது சேர்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். மதினி வாய் திறக்குமுன் கடைசி வரிசையிலிருந்து அப்பா எழுந்துவிட்டார். "சுண்ணாம்பு போடலங்கய்யா! நானே என் கையால அரைச்சுப் பாத்துட்டேன்!"

கூடமே சிரித்தது. தேர்வாளரும் சிரித்தார். மதினி சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை. இன்று அவர் அதே மதுரையில் பாடம் நடத்தும் பேராசிரியர். என் மதினி என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு சாக்குக் கிடைத்தால் போதும், விடமாட்டேன்.

போன வாரம் பழைய சாமான் எடுக்கிறவர் கடைக்கு வந்தார். கல்லாவுக்குக் கீழே குனிந்து பார்த்து, "நோட்டுப் பாக்குற லைட்டு சும்மாதான கெடக்கு, குடுத்துருங்க" என்றார். நான் பதில் சொல்லும்முன் அப்பா குரல் கொடுத்தார். "அதுல கை வைக்காதப்பா. அது நோட்டுப் பாக்குற லைட்டு இல்ல, எங்க மருமக லைட்டு." சொல்லிவிட்டு வாய் சிவக்கச் சிரித்தார். அது மட்டும் சுண்ணாம்பு போட்ட சிவப்பு.