பந்தலில் தொங்கிய சிவப்புக் கிளிப்

கொட்டாஞ்சேனையில் படகு எஞ்சின் விற்கும் கடையொன்றில் சர்வீஸ் பகுதியைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். ஒருநாள் மத்தியானம் வடக்குத் தீவொன்றிலிருந்து ஜெயசீலன் போன் எடுத்தார். போன கிழமைதான் எங்களிடம் புது எஞ்சின் வாங்கிப் போனவர்.

“அண்ணை, தங்கச்சிக்கு வலி வந்திட்டுது. பிள்ளை குறுக்க கிடக்காம். நேர்ஸ் உடன அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டா. ஃபெரி பின்னேரம்தான். புது எஞ்சினுக்கு ஃபுல் ஸ்பீட் குடுக்கலாமோ?”

புது எஞ்சினை முதலில் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் வாரண்டி போய்விடும். பக்கத்தில் நின்ற முதலாளியைப் பார்த்தேன்.

“வாரண்டிய நான் பாத்துக்கொள்றேன். போகச் சொல்லு!” என்றார்.

“ஓடுங்கோ தம்பி. சிவப்புக் கிளிப் மாட்டினதோ?”

எஞ்சின் சுவிச்சில் மாட்டும் அந்தக் கிளிப்பின் கயிறு ஓட்டுபவரின் கையில் கட்டியிருக்கும். ஆள் கடலில் விழுந்தால் கிளிப் கழன்று எஞ்சின் நின்றுவிடும். அது இல்லாமல் ஸ்டார்ட்டும் ஆகாது.

“அது செத்த வீட்டுப் பந்தலிலை தொங்குது, அண்ணை.”

அவர்கள் ஊரில் யாராவது இறந்தால் அடக்கம் முடியும்வரை ஒருவரும் கடலில் இறங்குவதில்லையாம். முன்பு துடுப்புகளைக் கொண்டுபோய் அந்த வீட்டில் சாத்துவார்கள். எஞ்சின் வந்தபின் கிளிப். அந்தத் தீவுக்காரர் மட்டும் எஞ்சினோடு வரும் எக்ஸ்ட்ரா கிளிப்பைக் கடையிலேயே திருப்பித் தந்துவிட்டுப் போவதைப் பார்த்து நானும் முதலாளியும் சிரித்திருக்கிறோம். இரண்டாவது கிளிப் கையில் இருந்தால் பந்தலில் ஒன்றைத் தொங்கவிடுவதற்கு அர்த்தமில்லை என்ற காரணம் அன்றுதான் விளங்கியது.

எனக்குப் பதறியது. “சுவிச்சிலை ஒரு நூலை இறுக்கிச் சுத்துங்கோ. ஸ்டார்ட் ஆகும்.”

“அது எனக்கும் தெரியும், அண்ணை. செத்தவரின்ர மனிசி அழுதுகொண்டிருக்கேக்கை நான் களவாப் போகேலாது. கேட்டிட்டுப் போறன்.”

“உனக்கென்ன விசரோ!” என்று கத்திவிட்டேன். போன் கட்டாகிவிட்டது. அதன்பின் பிளக் வாங்க வந்த ஒரு பாவப்பட்ட மனிதர்மீது காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

பொழுதுபடும் நேரம் ஜெயசீலன் திரும்ப எடுத்தார். தாயும் பிள்ளையும் சுகம். பந்தலில் அவர் எப்படிக் கேட்பது என்று தயங்கி நிற்க, விசயம் அறிந்த இறந்தவரின் மனைவி தானே எழுந்து கிளிப்பைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். கரைக்கு ஓடியவரைக் கூப்பிட்டு இன்னொரு கிளிப்பையும் கையில் வைத்தாராம்.

“‘புது எஞ்சின், நடுக்கடலிலை நிண்டாலும் நிக்கும். இவரின்ர போட்டும் பின்னால வரட்டும்’ எண்டு சொன்னவ, அண்ணை.”

முதலாளியிடம் போனைக் கொடுத்துவிட்டேன்.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இன்றும் அந்த நூல் வித்தையைக் காட்டிக் கொடுக்கிறேன். அவசரத்துக்கு உதவும். ஆனால் அந்தத் தீவுக்காரருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கப் போகவேண்டாம் என்பேன். அவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.