தொட்டிகளில் எழுதிய நம்பர்

சித்தப்பா பிளம்பர். தீவில் இருக்கும் மகளைப் பார்க்க முதன்முறையாகக் கப்பலேறியவர், வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு படுத்தே கிடந்தார். பைக்குள் இருந்த செல்போனோ தானாகவே கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கோடு ஒட்டிக்கொண்டு நெட்டை இழுத்தபடியே இருந்தது. திரும்பி வந்ததும் இரண்டு மாத வருமானத்தை விழுங்குகிற பில் வந்தது. என்னையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு செல்போன் கம்பெனிக்குப் போனார்.

“போனைத் தொடவே இல்லையே தம்பி!”

கவுண்டரில் இருந்தவன் சிரித்தான். “வெல்கம்னு மெசேஜ் அனுப்பினோமே சார். ரேட்டும் அதுலயே இருக்கு.”

“வாந்தி எடுக்கிறவருக்கு வெல்கமா? இந்த எழவு நம்பரே வேண்டாம், எழுந்திரிங்க,” என்றார் சித்தி.

சித்தப்பா எழவில்லை. ஊரில் பாதி வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் அவர் பெயின்டால் எழுதிவைத்த நம்பர் அது. அது போனால் பிழைப்பும் போய்விடும். பணத்தைக் கட்டினார்.

படியிறங்கும்போது என்னிடம் சொன்னார்: “எத்தனையோ கக்கூஸ் குழாய்ல கை விட்டிருக்கேன்டா. இவ்வளவு அருவருப்பா இருந்ததில்ல.”