குங்குமம் வைத்த பேய்

அந்தப் பெண் அதிகம் பேசமாட்டாள். நானும் பேசமாட்டேன். அதனால் எங்களுக்குள் சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை.

அமெரிக்காவில், டெக்சாஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் என் மகனுடைய அபார்ட்மென்டுக்கு எதிர் வீடு அவர்களுடையது. கோடை விடுமுறையில் குடி வந்தார்கள். அவளுக்கு எட்டு வயது. அம்மாவுக்கு ஆஸ்டினில் வேலை. காலை ஏழு மணிக்கு என்னிடம் விட்டுவிட்டுப் போனால் சாயங்காலம் ஆறரைக்குத்தான் வந்து கூட்டிப்போவாள். ஸ்கூல் பஸ் ஏற்றுவதும் இறக்குவதும் என் பொறுப்பு. அவள் பஸ்ஸில் ஏறினாலும் இறங்கினாலும் கையில் விரித்த புத்தகம் இருக்கும். படி எங்கே என்று பார்க்கமாட்டாள். நான் கீழே நின்று கையை நீட்டிக்கொண்டிருப்பேன்.

"லஞ்ச் டைம்ல தனியா உட்காந்து படிச்சிட்டிருக்காளாம் ஆன்ட்டி. இன்னும் ஒரு ஃப்ரெண்டு கூடக் கிடைக்கல. டீச்சர் மெயில் அனுப்பிருக்காங்க" என்று அவள் அம்மா ஒருநாள் வாசலில் நின்று சொன்னாள். சொல்லும்போது பெண்ணைப் பார்க்கவில்லை, என் வீட்டுக் கால்மிதியைப் பார்த்தாள்.

அதற்கு அந்தப் பெண்ணே ஒரு வழி கண்டுபிடித்தாள். அக்டோபர் மாதம், ஹாலோவீன் என்கிற பேய்ப் பண்டிகைக்காகக் கடையெல்லாம் எலும்புக்கூடும் சிலந்தி வலையுமாக இருக்கிற சமயம். அவள் வகுப்பில் புத்தகம் படிக்கிற பிள்ளைகள் ஐந்து பேர் ஒரு க்ளப் வைத்திருந்தார்கள். அந்த ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு புக்மார்க் செய்துகொடுக்கப்போகிறாளாம். வாயைத் திறந்து 'என்னையும் சேர்த்துக்கோ' என்று கேட்கிற பெண் இல்லை. கொடுத்தால் அவர்களே கூப்பிடுவார்கள் என்று நினைத்தாள்.

படங்களை அவள் அம்மா ஆபீஸில் பிரின்ட் எடுத்துக் கொடுத்தாள். வௌவால், ஆந்தை, சிலந்தி, பூசணிக்காய், பேய். கோடு மட்டும்தான் இருக்கும், கலர் நாம் அடிக்கவேண்டும். என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவள் கிரேயானால் அழுத்தி அழுத்தி அடிப்பாள். நான் அதைச் சீரியல் டப்பா அட்டையில் ஒட்டி, வெட்டி, மேலே ஒரு ஓட்டை போட்டு, உல்லன் நூலில் குஞ்சம் கட்டுவேன். பேய்க்கு எப்படி வெள்ளை அடிப்பாள் என்று பார்த்தேன். அடிக்கவே இல்லை. சுற்றிலும் கறுப்பு அடித்துவிட்டாள். பேய் வெறும் காகிதமாக நின்றது.

"கால் எங்கடி?" என்றேன்.

"கோஸ்ட்டுக்குக் கால் கிடையாது ஆன்ட்டி."

"எங்க ஊர்ப் பேய்க்கும் கிடையாது."

அன்றைக்கு நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜை வியாழக்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் முதல் நாள் சாயங்காலமே புத்தகங்களை அடுக்கிவிடுவோம். மறுநாள் முழுக்கப் படிப்பதும் இல்லை, எழுதுவதும் இல்லை. விஜயதசமி காலையில்தான் எடுக்கலாம். என் மகனிடம் லேப்டாப்பைக் கேட்டேன். "வேலைக்கு என்ன பண்றது? இந்தா, ரிப்பேரான இந்தப் பழைய மவுஸை வெச்சுக்கோம்மா" என்றான். "சாமிக்கு யாராவது கெட்டுப்போனதைக் குடுப்பாங்களாடா?" என்றேன். "சாமியே ரிப்பேர் பண்ணிக் குடுத்தா நல்லதுதானே" என்று சிரித்துக்கொண்டே போனான்.

எதிர் வீட்டுக்காரி, "இவ புக்ஸையும் சேர்த்து வெச்சிடுங்க ஆன்ட்டி, எனக்குக் காலைல மீட்டிங்" என்று சொல்லியிருந்தாள். புதன்கிழமை சாயங்காலம் அவர்கள் போனதும் பலகையில் கோலம் போட்டு, அந்தப் பெண்ணின் புத்தகங்கள், கிரேயான் பெட்டி, மேலே ஐந்து புக்மார்க் எல்லாவற்றையும் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தேன். யாருக்கு வைக்கிறோம் என்று யோசிக்கவில்லை, கை பாட்டுக்கு வைத்துக்கொண்டே போனது. பிறகு ஒரு வெள்ளை வேட்டியால் மூடி முடிச்சுப் போட்டேன்.

காலையில் அவள் வந்து மேஜையைப் பார்த்தாள். நாற்காலிக்குக் கீழே பார்த்தாள்.

"ஆன்ட்டி, மை புக்மார்க்ஸ்?"

"பூஜைல இருக்கும்மா. நாளைக்குத்தான் எடுக்கணும்."

"டுடே இஸ் த க்ளப்."

"நாளைக்குக் குடுக்கலாமே?"

"ஒன்லி தர்ஸ்டே லஞ்ச்."

என்றைக்குக் கொடுக்கப்போகிறாள் என்று அவளும் சொல்லியிருக்கவில்லை, நானும் கேட்டிருக்கவில்லை. அவள் அழவில்லை. சீரியல் டப்பாவைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தாள். "இன்னிக்குப் படிக்கக் கூடாதும்மா" என்றேன். உடனே எழுத்து தெரியாதபடி டப்பாவைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தாள். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை. பஸ் வந்ததும் வெறுங்கையோடு, படியைப் பார்த்துப் பார்த்து ஏறினாள்.

வீட்டுக்குள் வந்தால் இருப்புக்கொள்ளவில்லை. கழுவின டம்ளரையே மறுபடி கழுவினேன். டீவியைப் போட்டேன், அணைத்தேன். ஜன்னலுக்கும் பூஜைக்குமாக நடந்தேன்.

எனக்கு ஐந்தாவதோடு படிப்பு நின்றது. அந்த வருஷம் சரஸ்வதி பூஜையன்று, ஒரு கதையின் முடிவு தெரியவேண்டும் என்று யாரும் பார்க்காதபோது அடுக்கிலிருந்து என் புத்தகத்தை உருவிப் படித்தேன். அடுத்த ஜூனில் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. ஆறாம் வகுப்புக்கு ஐந்து மைல் போகவேண்டும், பெண்பிள்ளையை அனுப்பமுடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். என் வயசுப் பெண்கள் யாருமே போகவில்லை. அவர்கள் யாரும் பூஜையில் வைத்த புத்தகத்தைத் தொடவும் இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் புத்தகத்தை உருவினதுதான் காரணம் என்று இத்தனை வருஷமாக மனதில் ஒரு மூலையில் இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. இப்போது இந்தப் பெண்ணின் படிப்பில் நான் கைவைக்கலாமா? வைக்காவிட்டால் இன்றைக்கும் அவள் தனியாக உட்கார்ந்து, புத்தகம்கூட இல்லாமல் சாப்பிடுவாள்.

பத்து மணிக்கு முடிச்சை அவிழ்த்தேன். "எடுக்கிறது நான். வர்றது எனக்கு வரட்டும்" என்று வாய்விட்டே சொன்னேன்.

புக்மார்க்குகளைப் பார்த்ததும் வேறொரு கவலை. ஐந்துக்கும் நெற்றியில் பொட்டு. ஈரத்துணியால் துடைத்தேன். கிரேயான் மெழுகுமேல் ஒட்டாததால் வௌவாலும் ஆந்தையும் மற்றதும் சுத்தமாகிவிட்டன. பேய்தான் வெறும் காகிதம். துடைக்கத் துடைக்கக் குங்குமம் கண் வழியாக வாய் வரைக்கும் இறங்கியது. அப்படியே விட்டுவிட்டு ஐந்தையும் ஒரு உறையில் போட்டுக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்துக்குத் தனியாக நடந்தது அன்றைக்குத்தான். பாதி தூரம் நடைபாதை கிடையாது. காய்ந்த புல்லில் நடந்தேன். பக்கத்தில் பெரிய பெரிய டிரக் போகும்போதெல்லாம் புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். பெண்ணின் பெயர், வகுப்பு, லஞ்ச், இந்த மூன்றையும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். வாசலில் பட்டனை அழுத்தினதும் சுவரிலிருந்து ஒரு குரல் கேட்டது. எனக்கு மூன்றும் மறந்துபோயிற்று. உறையிலிருந்து பேயை எடுத்துக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

கதவு திறந்தது. உள்ளே இருந்த அம்மாள் ஒரு பேப்பரை நீட்டினாள். அதில் பெண்ணின் பெயரை என் கோணல் இங்கிலீஷில் எழுதினேன். அப்புறம்தான் உறைத்தது, பூஜையன்று எழுதவும் எழுதியாயிற்று. அவள் உறையை வாங்கி ஒரு தட்டில், வேறு பல உறைகளுக்கு மேலே போட்டாள். 'லஞ்சுக்குள்ள குடுப்பீங்களா' என்று கேட்க வாய் வரவில்லை. "தேங்க்யூ, தேங்க்யூ" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம் மூன்று மணிவரை என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பஸ் வருவதற்கு அரைமணி முன்னாலேயே போய் நின்றேன்.

இறங்கும்போதே கத்தினாள். "ஆன்ட்டி! எவ்ரிபடி வான்டட் த பிளட் ஒன்!"

"எந்த பிளட்?"

"கோஸ்ட்! அது பழைய லைப்ரரில தலைல ஷெல்ஃப் விழுந்து செத்துப்போச்சுன்னு சொன்னேன். அதான் பிளட். எல்லாரும் சாப்பிடாமக் கேட்டாங்க."

"ஐயோ, அது குங்குமம்டி!"

"ஐ நோ. பட் தே டோன்ட் நோ."

மற்ற நாலு பேருக்கும் அதே மாதிரிப் பேய் வேண்டுமாம். நாளைக்கு லஞ்சில் இவளுக்கு இடம் பிடித்துவைப்பார்களாம். பிரின்ட் மீதி இருக்கிறது, கறுப்புக் கிரேயான் மட்டும் வேண்டும் என்றாள். "அப்புறம் அந்த ரெட் பவுடர்."

"கிரேயான் பூஜைல இருக்கு."

"நீங்கதான் ஓப்பன் பண்ணிட்டீங்களே."

எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாத பெண். மறுபடி போட்டுவைத்திருந்த முடிச்சை அவிழ்த்துக் கறுப்புக் கிரேயானை மட்டும் எடுத்தேன். குங்குமச்சிமிழையும் வைத்தேன். அவள் அடித்துக்கொண்டே பேசினாள், பேசிக்கொண்டே அடித்தாள். பாதி என் காதில் விழவில்லை. நான் சரஸ்வதி படத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை புகைக்குக் கத்துகிற அலாரம் கத்திவிடாமல் ஜன்னலைத் திறந்துவைத்துக் கற்பூரம் காட்டினேன். புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்து, "ஒரு பக்கம் படிச்சுக் காட்டும்மா" என்றேன். எங்கேயாவது தட்டுகிறதா, திக்குகிறதா என்று வாயையே பார்த்தேன். எனக்கு அர்த்தம் தெரியாது, ஓட்டம் தெரியும். ஒரு பக்கம் முடிந்தது. திருப்பினாள். அதுவும் முடிந்தது. ஏழே முக்காலுக்கு வெளியே பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. அவள் நிறுத்தவில்லை. நானும் சொல்லவில்லை.

பஸ் போய்விட்டது. அவள் பையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, நாலு பேய்களையும் உறையில் வைத்துக்கொண்டு, அதே புல்லில் அவளை நடத்திக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் படித்துக்கொண்டே வந்தாள்.