கையெழுத்தில்லாத பொட்டலம்

சூரத்தில் மஹிதர்புராத் தெருவுக்குள் ஒன்பதரை மணிக்குமேல் வெயில் மஞ்சளடித்துவிடும். அதற்கப்புறம் வைரத்தின் நிறம் பார்க்கிறவன் ஒன்று ஏமாளி, இல்லையென்றால் ஏமாற்றுக்காரன். லாபுபென் இரண்டும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக வைரம் தரம் பிரித்துச் சோறு தின்கிறவள். அதனால் எட்டரைக்கே வந்து, ஸ்கூட்டர் சீட்டையே கடையாக்கி வைரம் விற்கிற வல்ஜிபாய் அதன்மேல் விரித்திருந்த வெள்ளைத் தாளுக்கு முன்னால், வடக்கு வானத்து வெளிச்சத்தில் நின்றுகொண்டாள்.

அன்று அவள் பார்த்தது முதலாளிக்கான கல் இல்லை. அடுத்த மாதம் மகள் ஜல்பாவுக்குக் கல்யாணம். மூக்குத்திக்கு ஒற்றைக் கல் வேண்டும். ஒன்பது வருஷம் சீட்டுக் கட்டி எடுத்த பணத்தில் அவளே வாங்குகிறாள். ஆனால் கொடுக்கப்போவது வல்ஜிபாயின் கை. லாபுபென்னுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. பட்டேல் வீட்டுக் கல்யாணத்தில் மாமேரு என்கிற தாய்மாமன் சீர் வராவிட்டால் பெண் தலைகுனிந்துதான் மணையேற வேண்டும். வல்ஜிபாயும் அவளும் பதினோரு வருஷம் ஒரே மேஜையில் கல் பிரித்தவர்கள். அவன் தனியாக வியாபாரத்துக்குப் போன பிறகும் வருஷம் தவறாமல் அவன் கையில் ராக்கி கட்டி வந்தாள். ஆகவே அவன்தான் மாமன். மூக்குத்தி செய்வித்துத் தட்டில் வைத்துத் தூக்கி வரவேண்டியவன்.

"இதைப் பாரு லாபுபென். இதைவிடச் சுத்தமான கல்லு இந்தத் தெருவுலயே கிடையாது."

அவள் சாமணத்தால் கல்லைத் தூக்கி, லென்ஸை வைத்துப் பார்த்தாள்.

"சுத்தந்தான் வல்ஜிபாய். ஆனா தூங்கிவழியுது. அடியை ஆழமா விட்டு எடையை மிச்சம் பிடிச்சிருக்கான் பாவி. உள்ள போற வெளிச்சம் திரும்பி வரவே மாட்டேங்குது."

"அப்ப இது?"

"தாள்மேல கவுத்து வெச்சுப் பாருங்க. சாயத்தண்ணி ஊத்தின மாதிரி இருக்கு. பொண்ணு மூக்குக்கு மேல மஞ்சள் எதுக்கு?"

பதினேழு கல்லைத் தள்ளினாள். வல்ஜிபாய் இரண்டு தரம் டீ வரவழைத்துக் குடித்தான். பதினெட்டாவது கல்லைத் தூக்கியதும் அவள் முகமே மாறிவிட்டது. எடை முப்பது சென்ட், அதாவது காரட்டில் பத்தில் மூன்று பங்கு. தண்ணீர் போன்ற நிறம். லேசாக அசைத்தால் போதும், சின்னக் குழந்தை மாதிரிச் சிரித்தது. லென்ஸில் மட்டும், ஓரமாக, அரிசி நொய்யளவு வெள்ளைக் கீறல் ஒன்று தெரிந்தது.

"நொய் இருக்கே?" என்றான் அவன்.

"இருக்கட்டும். மூக்குத்தியில கல்லைப் பிடிக்கிற நகம் அதை மூடிடும். சிரிக்கிற கல்லுல ஒரு நொய் இருந்தா என்ன கொறஞ்சுபோச்சு? எங்க பார்த்தாலும் இது என்னோடதுன்னு சொல்லிடுவேன்."

சர்டிபிகேட் கேட்கவில்லை. அவள் கண்ணே சர்டிபிகேட்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கல் பிடித்துப்போனால் அதைத் தாளில் மடித்து டேப் ஒட்டி, டேப்பின் மேலும் தாளின் மேலும் சேர்ந்து விழும்படி வாங்குகிறவர் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் கல் யாரிடம் இருந்தாலும் பயமில்லை. டேப்பைப் பிரித்தால் கையெழுத்துக் கிழியும். கோடீஸ்வரனும் போடுவான், அன்றாடங்காய்ச்சியும் போடுவான்.

லாபுபென் பைக்குள் கைவிட்டுப் பேனாவை எடுத்தாள். வல்ஜிபாய் பக்கத்து ஸ்கூட்டர்க்காரர்களைக் கூப்பிட்டுச் சிரித்தான்.

"பாருங்கப்பா கூத்தை! தாய்மாமன்கிட்ட இருக்கிற சீருக்குத் தங்கச்சி கையெழுத்துப் போடுறா! நாளைக்கு மாமேரு தட்டுக்கும் ரசீது கேப்பா போலிருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் முகம் சிவந்து சிரித்தாள். பேனா அவள் பைக்குள்ளும், கையெழுத்தில்லாத பொட்டலம் அவன் பைக்குள்ளும் போய்விட்டன. அன்றே பணத்தையும் அனுப்பிவிட்டாள்.

பத்து நாள் கழித்து, "நேரா தட்டான்கிட்ட கொண்டுபோறேன்" என்று போன் செய்தான். "ஒரே ஒரு தரம் பார்த்துட்டுத் தரேன்" என்றாள் அவள். அதெல்லாம் எதற்கு, வீண் அலைச்சல் என்று இழுத்தான். அவள் விடவில்லை. ஆசைதான், வேறொன்றுமில்லை. மகளின் மூக்கில் ஏறுமுன் இன்னொரு தடவை அது சிரிப்பதைப் பார்க்க வேண்டும் என்கிற ஆசை.

அவன் கொண்டுவந்து கொடுத்த பொட்டலத்தை ஆபீஸ் மேஜையில் வைத்து டேப்பைப் பிரித்தாள். கல் சிரித்தது. லென்ஸில் பார்த்தாள். நொய்யைக் காணோம். மூன்று தரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். முதலில் அவள் சந்தேகப்பட்டது வல்ஜிபாயை அல்ல, தன் கண்ணைத்தான். போன ராக்கியன்று, "கண்ணுல புகை படர்ற மாதிரி இருக்கு வல்ஜிபாய், ஆபீஸ்ல தெரிஞ்சா வேலை போயிடும்" என்று அவனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். புருஷனிடம்கூடச் சொல்லாத விஷயம் அது.

பக்கத்து மேஜை ஹர்ஷாவிடம் கல்லை நீட்டினாள். "எங்கேயாவது நொய் தெரியுதா பாரு."

"நொய்யா? துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு அக்கா. எவ்ளோ அழகான கல்லு!"

கல்லைச் சோதிக்கிற மெஷினில் வைத்தாள். சிவப்பு எரிந்தது. மண்ணில் விளைந்த கல் அல்ல, ஆலையில் விளைந்த லேப் கல். பார்வைக்கு ஒரு குறை கிடையாது. விலையோ பத்தில் ஒரு பங்கு பெறாது. தேர்ந்தெடுத்ததைவிடச் சுத்தமான கல்லைக் கொடுத்து அவளை ஏமாற்றியிருந்தான். எழுந்து நேராகத் தெருவுக்குப் போனாள்.

"என் கல்லு எங்க வல்ஜிபாய்?"

அவன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மெதுவா பேசு. மார்க்கெட் படுத்துக் கிடக்கு, உனக்குத் தெரியாததா? ரெண்டு மாசத்துல மாத்திக் கொடுத்துடலாம்னுதான்... இதுவும் வைரந்தானே. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல?"

அவள் போட்ட சத்தத்தில் நாலு ஸ்கூட்டர்க்காரர்கள் திரும்பினார்கள். "என்ன விஷயம் லாபுபென்?" என்று ஒருவர் கேட்டார். கல் மாறிய கதையைச் சொன்னாள். "பொட்டலத்துல உங்க கையெழுத்து இருந்துச்சா?" என்று அவர் கேட்டார். அன்று கூடச் சிரித்த அதே ஆள்தான் அவர்.

வல்ஜிபாய்க்குத் தைரியம் வந்துவிட்டது.

"கையெழுத்தும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நான் கொடுத்தது நல்ல கல்லு. இவளுக்குக் கண்ணுல புகை படர்ந்து ஒரு வருஷமாச்சு. நொய்யைக் கண்டாளாம், அதைக் காணோமாம்! கண்ணு தெரியுதான்னு முதல்ல அவகிட்டயே கேளுங்க!"

கல் போனதுகூடப் பெரிதில்லை. அழுதுகொண்டு சொன்ன ரகசியத்தைப் பத்திரமாக வைத்திருந்து, வேண்டிய நேரத்தில் எடுத்து வீசினானே! அதை நம்பித்தான் கல்லையே மாற்றியிருக்கிறான். புகை படர்ந்தது இடது கண்ணில். அவள் லென்ஸ் பிடிப்பது வலது கண்ணில். ராக்கியன்று அவள் சொன்னபோது, எந்தக் கண் என்றுகூட அவன் கேட்கவில்லை.

அவள் லேப் கல்லை அவனுடைய வெள்ளைத் தாளிலேயே போட்டுவிட்டு நடந்தாள்.

தெருவில் சொன்னது ஆபீஸுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாளே மேனேஜர் கூப்பிட்டார். வலது கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். கண்ணில் கோளாறு என்று பேர் வந்த பிறகு எந்தக் கண் என்று யாருக்குக் கவலை? "இத்தனை வருஷம் இருந்துட்டீங்க, அனுப்ப மாட்டோம்" என்று பெரிய மனசு பண்ணி, வியாபாரிகள் வந்துபோகிற கவுண்டரில் பொட்டலம் மடித்து டேப் ஒட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள். வல்ஜிபாயிடம் ஒரு வாரம் யாரும் சரக்குக் கொடுக்கவில்லை. அப்புறம் கொடுத்தார்கள்.

கல்யாணத்தன்று புரோகிதர், "மாமா எங்கே, மாமேரு எங்கே?" என்று இரண்டு தரம் குரல் கொடுத்தார். சம்பந்தி வீட்டார் வாசலைப் பார்த்தார்கள். லாபுபென் தானே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். புடவை இருந்தது, தேங்காய் இருந்தது, வெறும் தங்கத்தில் ஒரு மூக்குத்தி இருந்தது. ஜல்பா ஒன்றும் கேட்காமல் அதை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அவள் கேட்டிருந்தால்கூடத் தேவலை.

ராக்கி கட்டுகிற ஆவணிப் பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஓர் அண்ணனும் தங்கையும் கவுண்டருக்கு வந்தார்கள். அண்ணன் கல் விற்கிறவன், தங்கை வாங்குகிறவள். லாபுபென் மடித்து டேப் ஒட்டிப் பேனாவை நீட்டினாள். தங்கை சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எங்களுக்குள்ள எதுக்கும்மா கையெழுத்து? கூடப்பிறந்தவங்க நாங்க."

லாபுபென் பேனாவை அவள் விரல்களுக்குள் அழுத்தி வைத்தாள்.

"கூடப்பிறந்தவங்களா? அப்ப ரெண்டு கையெழுத்தாப் போடு."